வடக்கே வாருங்கள்: சென்னையின் சைக்கிள் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வடசென்னை மூலக்கொத்தளத்திலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இருள் பிரிவதற்கு முன்பே நீங்கள் திருவான்மியூரில் கூடுகிறீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை மிதித்து, வழியில் இட்லி சாப்பிட்டு, வெயில் ஏறுமுன் வீடு திரும்புகிறீர்கள். உங்களில் சிலர் விடுமுறை போட்டு ஐரோப்பாவுக்கும் போகிறீர்கள். டான்யூப் ஆற்றங்கரையிலும் தெற்குப் பிரான்சின் கால்வாய் ஓரங்களிலும் கார் சத்தமே கேட்காத பாதைகளில் நாள்கணக்கில் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்து படங்களைப் பகிர்கிறீர்கள். அவற்றின் கீழே தவறாமல் ஒரு கேள்வி இருக்கும்: நம்ம ஊரில் இப்படி ஒரு பாதை வருமா?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல். வரும். அதற்கான நிலம் 200 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. அது எங்கள் பேட்டையில் தொடங்குகிறது.

மூலக்கொத்தளம் என்ற பெயரைப் பேருந்துப் பலகையில் மட்டும் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். 1758 கடைசியில் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டது. பத்தாண்டு கழித்து ஹைதர் அலியின் குதிரைப்படை நகரத்தின் வாசல்வரை வந்துபோனது. அந்தப் பயத்தில் ஆங்கிலேயர்கள், அன்று இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைச் சுற்றி ஒரு மதில் எழுப்பினார்கள். அதன் வடமேற்கு மூலைக் கொத்தளம் இங்கே இருந்தது. மதிலுக்காகப் போட நினைத்த வரியின் பெயர் வால்டாக்ஸ் சாலையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதிலில் மிஞ்சிய துண்டை ராயபுரம் பக்கம் மாடிப்பூங்காவில் பார்க்கலாம். 1939-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் உறங்குவது மூலக்கொத்தளம் இடுகாட்டில்தான். ஆண்டுக்கொருமுறை மாலையோடு தலைவர்கள் வருவார்கள். மற்ற நாளெல்லாம் இந்தப் பக்கம் வருகிறவை லாரிகள்.

இடுகாட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பேசின் பாலம். ரயில் இங்கே சிக்னலுக்காக நின்று நின்று போகும் என்பதால் ஊரெல்லாம் அறிந்த பெயர். படகுகள் வந்து நிற்கத் தோண்டிய நீர்த்துறையால் அந்தப் பெயர் வந்தது. 1806-ல் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கிருந்து எண்ணூர்வரை 11 மைல் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டினார். 1837-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. பிறகு அது பழவேற்காடு ஏரி வரையும், ஏரியைத் தாண்டி ஆந்திரக் கடலோரமாகப் பெத்தகஞ்சம் வரையும் நீண்டது. தெற்கே மரக்காணம் வரை போனது. நடுவில் நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற 8 கி.மீ. மட்டும் பாக்கி இருந்தது. 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தில், சோற்றுக்கு வழியில்லாமல் பட்டணம் வந்த மக்களைக் கொண்டு பஞ்ச நிவாரண வேலையாக அதையும் தோண்டினார்கள். அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரைக் கால்வாய் முழுவதற்கும் வைத்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 420 கி.மீ.

அத்திப்பட்டு, எண்ணூர் உப்பளங்களிலிருந்து உப்பு இதில் வந்தது. சால்ட் கோட்டர்ஸ் என்று ரயில்வே வைத்திருக்கிற பெயர் அந்த உப்புக் கிடங்குகளின் மிச்சம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் வருவதற்கு முன் விறகுக் காடு இருந்தது. சென்னை அடுப்புகளில் எரிந்த விறகு அங்கிருந்து படகில்தான் வந்தது. காற்று உதவினால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் ஒருவர் படகில் நின்று மூங்கில் கழி ஊன்ற, இன்னொருவர் தோளில் கயிறு போட்டுக் கரையில் நடந்தபடி படகை இழுப்பார். பாரதிதாசன் ‘மாவலிபுரச் செலவு’ என்ற பாட்டில் இந்தக் கால்வாயில் படகு தள்ளியவர்களின் கஷ்டத்தைத்தான் நெஞ்சு கனக்க எழுதினார்.

நான் உங்களிடம் பேச வந்தது கயிறு இழுத்தவர் நடந்த அந்தக் கரையைப் பற்றி. படகை மனிதன் இழுக்க வேண்டுமென்றால் கரையில் தொடர்ச்சியான ஒரு நடைபாதை வேண்டும். நடுவில் முள்ளோ சுவரோ இருந்தால் கயிறு மாட்டிக்கொள்ளும். ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது. கால்வாய் வெட்டியவர்கள் அப்படித்தான் கரை போட்டார்கள். மேடு பள்ளம் இல்லாமல், தண்ணீர் ஓரமாக, ஊரிலிருந்து ஊருக்கு அறுபடாமல் போகிற பாதை. தொலைதூர சைக்கிள் பயணத்துக்கு வேண்டிய இலக்கணமும் இதுவேதான்.

நீங்கள் பிரான்சில் ஓட்டிவிட்டு வந்த பாதையும் இப்படி வந்ததுதானே. துலூஸ் நகரத்திலிருந்து தோ என்ற உப்பங்கழி வரை 240 கி.மீ. ஓடுகிற கனால் து மிதி 1681-ல் திறக்கப்பட்டது. குதிரைகள் படகை இழுத்துப்போன கரைகளில்தான் இன்று சைக்கிள்கள் போகின்றன. இலங்கையில் நீர்கொழும்புக்குப் போகிற பயணிகள் டச்சுக் கால்வாயின் கரையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

அமெரிக்காவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. வாஷிங்டனிலிருந்து கம்பர்லாண்டு வரை பொட்டோமாக் ஆற்றை ஒட்டி 184.5 மைல் நீளத்துக்கு சி அண்ட் ஓ கால்வாய் இருக்கிறது. படகுப் போக்குவரத்து நின்றுபோய் அது பாழாகக் கிடந்தது. 1954-ல் அதன்மேல் கார் சாலை போடலாம் என்று ஒரு திட்டம் எழுந்தது. ஒரு பெரிய நாளிதழ் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அந்தப் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் போட்டார். என்னோடு வந்து அந்தக் கரையில் நடந்து பாருங்கள், பிறகு எழுதுங்கள் என்று அழைத்தார். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். டக்ளஸ் அந்தக் கால்வாயின் முழு நீளத்தையும் நடந்தே கடந்தார். நாளிதழ் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 1971-ல் அந்தக் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவானது. இன்று அந்தக் கரை முழுவதும் சைக்கிளில் போகலாம், மோட்டார் வாகனத்துக்கு அனுமதி இல்லை. ஒரு கடிதமும் ஒரு நடையும் தொடங்கிவைத்த காரியம் இது. அதனால்தான் நானும் கடிதம் எழுதுகிறேன்.

தெற்கே இந்த வாய்ப்பு கைநழுவிவிட்டது. திருவல்லிக்கேணியிலிருந்து திருவான்மியூர் வரை கால்வாயின் உடம்பிலேயே பறக்கும் ரயிலின் தூண்களை இறக்கிவிட்டார்கள். வடக்கே தூண்கள் இல்லை. பேசின் பாலத்திலிருந்து பழவேற்காடு வரை கால்வாயின் மேல் இன்னும் வானம்தான் இருக்கிறது. 1965, 1966 புயல்களுக்குப் பிறகு படகுப் போக்குவரத்து படுத்துவிட்டது. 2008-ல் இதைத் தேசிய நீர்வழி 4-இன் ஒரு பகுதியாக அறிவித்தார்கள். எங்கள் பக்கம் இதுவரை சரக்குப் படகு வரவில்லை. கரை காத்துக்கொண்டிருக்கிறது.

இதைக் கேட்க எங்களுக்கு இருக்கிற உரிமை உல்லாசத்தின் உரிமை இல்லை. வடசென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர் தலைக்கவசம் போட்டிருக்கமாட்டார், கையுறை மாட்டியிருக்கமாட்டார். விடியற்காலை இரண்டு மணிக்குக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றிப் போகிறவர் அவர். கேரியரில் பித்தளைக் கேன் கட்டி ராத்திரியெல்லாம் லாரி ஓட்டுநர்களுக்கு டீ விற்கிறவர். மணலி ஆலைகளுக்கும் எண்ணூர் அனல் மின்நிலையங்களுக்கும் ஒப்பந்த வேலைக்குப் போகிற வெல்டர், ஃபிட்டர், லோடுமேன். பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசு மிச்சமானால் பிள்ளைகளுக்குப் பால் ஆகும் என்று கணக்குப் பார்க்கிறவர். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறீர்கள், அவர் மற்ற ஆறு நாளும் ஓட்டுகிறார்.

அவர் எந்தச் சாலையில் ஓட்டுகிறார் தெரியுமா? துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் நுழையக் கண்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கிற எண்ணூர் விரைவுச்சாலையில். மணலி சாலையில். பொன்னேரி நெடுஞ்சாலையில். நாற்பதடி டிரெய்லர் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இடப்பக்க ஓரத்தில் சைக்கிளில் நிற்கிறவர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியமாட்டார். ஓட்டுநர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, அவரும் இரண்டு நாள் தூங்காமல் வரிசையில் நின்றவராக இருப்பார். அந்த அளவுள்ள வண்டியும் சைக்கிளும் ஒரே தாரில் போகக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

தமிழ்நாட்டு அரசு 2001-02 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கிறது. முதலில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு, பிறகு எல்லாருக்கும். அது மிக நல்ல திட்டம் என்று உறுதியாக நம்புகிறேன். அதற்குச் சற்று முன்னால், 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. குவாரித் தொழிலாளி முதல் நர்ஸ் வரை ஆயிரமாயிரம் பெண்கள் தாமாக ஏறி ஓட்டினார்கள். மிதிக்கத் தெரிந்த பெண் யாருடைய தயவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்று ஊர் பார்த்தது. எங்கள் கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் பிளஸ் ஒன் மாணவிகளுக்கு சைக்கிள் கிடைக்கிறது. வீட்டிலோ, “மெயின் ரோட்டுல ஓட்டாதம்மா, லாரி வருது” என்கிறார்கள். அம்மா சொல்வது நியாயம். சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடிக்கிறது. சைக்கிளைக் கொடுத்த அரசு அதை ஓட்டுகிற வழியையும் கொடுத்தால்தான் திட்டம் முழுமையாகும்.

பாதை எப்படிப் போகலாம் என்று என் மனத்தில் ஒரு படம் இருக்கிறது. சொல்கிறேன், நீங்கள் திருத்துங்கள்.

பேசின் பாலத்தில் தொடங்கிக் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை மேற்கு, கொடுங்கையூர் ஓரமாக மணலி வரையிலான முதல் பகுதி மிகவும் கடினமானது. கரை ஓரிடத்தில் அகலமாக இருக்கும், ஓரிடத்தில் குப்பைக்குள் காணாமல் போகும். தண்ணீரில் சாக்கடையும் எண்ணெயும் கலந்து நாறும். இந்தப் பகுதி அழகானது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். அன்றாடம் வேலைக்குப் போகிறவர்கள் மிகுதியாக இருப்பது இங்கே என்பதால் முதலில் போட வேண்டியதும் இதுதான்.

மணலியைத் தாண்டிச் சடையங்குப்பம் வந்தால் காற்று மாறும். கொசஸ்தலை ஆறும் கால்வாயும் கடலும் சந்திக்கிற எண்ணூர் கழிமுகம் கண்ணில் படும். ஒரு பக்கம் அனல் மின்நிலையப் புகைபோக்கிகள். இன்னொரு பக்கம் காட்டுக்குப்பத்து மீனவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கிறார்கள். அலையாத்திப் புதர், அதன்மேல் கொக்கு. சாம்பல் கழிவு படிந்து ஆழம் குறைந்த ஆறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் இந்தக் கால்வாய் வழியாகவே கழிமுகம் வரை பரவியது, வலையும் படகும் கறுத்துப்போயின. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மூச்சு முட்டிய ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். சென்னைக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதைக் காரின் கண்ணாடி வழியாகப் பார்க்க முடியாது. சைக்கிளின் வேகத்தில் பார்க்கலாம். நீங்கள் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கழிமுகம் கடந்து காட்டுப்பள்ளித் துறைமுகத்தையும் தாண்டிவிட்டால், கடலுக்கும் கழிக்கும் இடையில் ஒடுங்கிய மணல்திட்டு. கோரைக்குப்பம், வைரவன்குப்பம் என்று மீனவக் குப்பங்களாகவே வழி போகிறது. முடிவில் பழவேற்காடு. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. மழை ஓய்ந்த மாதங்களில் பூநாரைகள் ஆழம் குறைந்த தண்ணீரில் கூட்டம் கூட்டமாக நிற்கும். 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் நெடுநாள் இதுவாகத்தான் இருந்தது. இங்கிருந்து துணி கப்பலேறியது. கோட்டையில் மிஞ்சியது மேடும் புதரும். கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கற்கள், உள்ளே பூவேலைப்பாடுள்ள கல்வெட்டுகள். ஊருக்குள் பழைய பள்ளிவாசல், பனையோலையில் பெட்டி முடைகிற முஸ்லிம் பெண்கள்.

டச்சுக்காரர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் நாடு பிறக்கும்போதே சைக்கிள் பாதையோடு பிறக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கேயும் தெருவெல்லாம் காருக்குப் போனது. குழந்தைகள் அடிபட்டுச் செத்தார்கள். 1970களில் பெற்றோர்கள், ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று பெயரிட்டு இயக்கம் நடத்தினார்கள், தெருவை மறித்தார்கள், தாங்களே பெயிண்ட் வாங்கிப் பாதை வரைந்தார்கள். நாம் இன்று வாய்பிளந்து பார்க்கிற நெதர்லாந்து அந்தத் தெருச் சண்டையில் கிடைத்தது.

பழவேற்காட்டோடு திரும்பிவிட வேண்டாம். ஏரியில் வந்து கலக்கிறது ஆரணியாறு. அதன் கரையோடு மேற்கே ஏறினால் பொன்னேரி, பிறகு பெரியபாளையம். ஆடி மாதம் வடசென்னையே பெரியபாளையத்தில் இருக்கும். எங்கள் தெருவில் பவானியம்மனுக்கு வேண்டிக்கொள்ளாத வீடு இல்லை. மாட்டு வண்டி கட்டிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது மினி லாரியில் போகிறார்கள். ஆற்று மணலில் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்து, வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றுகிறார்கள். நடந்தே போகிறவர்களும் உண்டு. அவர்கள் நெடுஞ்சாலையின் வெள்ளைக் கோட்டை ஒட்டி, பின்னால் வருகிற ஹாரனுக்குப் பயந்து போகிறார்கள். ஆற்றங்கரையில் ஒரு பாதை இருந்தால் சைக்கிளுக்கும் பாதயாத்திரைக்கும் சேர்த்தே ஆகும்.

பெரியபாளையத்துக்கு மேற்கே ஊத்துக்கோட்டை. அங்கிருந்து வானத்தின் விளிம்பில் மலை தெரியத் தொடங்கும். ஆந்திர எல்லையைத் தாண்டியதும் ஆற்றங்கரையிலேயே சுருட்டப்பள்ளி, சிவன் பள்ளிகொண்டிருக்கிற கோயில். இன்னும் மேலே நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தன் தாயின் பெயரால் அமைத்த ஊர் என்பார்கள், வேதநாராயணர் கோயில் அங்கே இருக்கிறது. அதன் பின்னால் மலையடிவாரம், ஓடைகள், நிழல். முதல் நாள் காலையில் கடல் மட்டத்தில் உப்பளத்தைப் பார்த்தவர், மூன்றாம் நாள் மலைச் சுனையில் கால் நனைக்கலாம். இடையில் பெரிய ஏற்றம் ஒன்றுகூட இல்லை. பத்து வயதுப் பிள்ளையையும் எழுபது வயதுப் பெரியவரையும் கூட்டிப்போகக்கூடிய வழி.

திரும்பும் வழியும் தண்ணீரோடுதான். 1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ராமாராவும் செய்த ஒப்பந்தப்படி சென்னைக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா நீர் வர வேண்டும். 1996-ல் முதல் நீர் வந்தது. அந்தக் கண்டலேறு–பூண்டி கால்வாய் ஊத்துக்கோட்டைக்கு அருகில் ஜீரோ பாயின்டில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து சுமார் 25 கி.மீ. ஓடிப் பூண்டி ஏரியில் சேர்கிறது. கரையில் பராமரிப்புப் பாதை இருக்கிறது. பூண்டி, சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி தொடங்கிவைத்த நீர்த்தேக்கம், 1944-ல் முடிந்தது. பக்கத்தில்தான் அத்திரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம். அவற்றில் மிகப் பழையவை 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது. குடியம் குகைகளும் அருகிலேயே. பிறகு திருவள்ளூரில் ரயில் ஏறினால் வீடு.

இவ்வளவையும் ஒரே அரசாணையில் கேட்க வேண்டாம். மூலக்கொத்தளம் முதல் எண்ணூர் வரை முதலில் கேட்போம். நீர்வளத்துறைக்குத் தூர்வாரும் இயந்திரம் ஓட்டக் கரையில் எப்படியும் ஒரு தடம் வேண்டும். வெள்ளம் வடிகிற வழியைக் கண்காணிக்கவும் வேண்டும். அந்தத் தடத்தையே மூன்று மீட்டர் அகலத்துக்குக் கிராவல் கொட்டி இறுக்கி, இரண்டு முனையிலும் மோட்டார் வண்டி நுழையாதபடி கம்பம் நட்டு, பொது வழியாக அறிவிக்கச் சொல்வோம். கிரானைட் வேண்டாம், சதுப்பு நிலத்தில் சிமென்ட்டும் வேண்டாம். பூவரசும் புங்கனும் நட்டால் போதும், இரண்டும் இந்த உப்புக் காற்றைத் தாங்குபவை. மீனவர்கள் படகு கட்டுகிற, வலை உலர்த்துகிற இடத்தைப் பாதை விட்டு விலகிப் போகட்டும். புறநகர் ரயிலில் வியாபாரிகள் பெட்டியில் கூடைகளோடு சைக்கிளும் ஏற இடம் தரச் சொல்வோம். பணம் இல்லை என்பார்கள். 2014-ல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காடு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் இருக்கிறது. அந்தத் தாளை எடுத்து மேசையில் வைப்போம்.

ஒரு நிபந்தனை இருக்கிறது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கால்வாய்க் கரையில் வீடு கட்டி வாழ்கிற குடும்பங்கள் பல. கரையை அழகாக்குகிறோம் என்று சொல்லி ஏழைகளைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அள்ளிப்போட்ட கதை இந்த நகரத்தில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரை அவ்வளவு தொலைவில் கொண்டுபோய்க் குடிவைத்தால் அவர் எந்தப் பாதையில் சைக்கிள் ஓட்டி வேலைக்கு வருவார்? குடியிருப்பு இருக்கிற இடத்தில் பாதை எதிர்க்கரைக்கு மாறட்டும், அல்லது அவர்கள் வாசல் வழியாக மெதுவாகப் போகட்டும். கரையில் பஞ்சர் கடையும் டீக்கடையும் இட்லிக்கடையும் வைக்கும் முதல் உரிமை அவர்களுக்கே இருக்கட்டும். ஒரு குடும்பத்தைக் கிளப்பித்தான் பாதை வரும் என்றால் அந்தப் பாதையை எதிர்த்து முதலில் நிற்பவன் நானாக இருப்பேன். நீங்களும் என்னோடு நிற்க வேண்டும். சாக்கடையையும் ஆலைக் கழிவையும் கால்வாயில் விடுவதை நிறுத்தாமல் கரைக்கு மட்டும் வண்ணம் பூசினாலும் அப்படியே.

எங்களில் யாராவது மனு கொடுத்தால் அது ஏதோ ஒரு மேசையில் தூங்கும். உங்களில் பொறியாளர்கள் இருக்கிறீர்கள், மருத்துவர்கள் இருக்கிறீர்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், ஐ.ஏ.எஸ். அதிகாரிகள்கூட இருக்கிறீர்கள். நீங்கள் பேசினால் நகரம் காது கொடுக்கும். எங்களிடம் இருப்பது தேவையும் ஊரைப் பற்றிய அறிவும். எந்தத் திருப்பத்தில் கரை உடைந்திருக்கிறது, எந்த மதகின் மேல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டலாம், வெள்ளத்தில் எது முதலில் முங்கும் என்பதெல்லாம் இங்கே வலைக்காரருக்கும் டீக்கடைக்காரருக்கும் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து கேட்டால் இது நடக்கும் என்று முழுமனதோடு நம்புகிறேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு தெற்கை விட்டு வடக்கே வாருங்கள். கரையை அளப்போம். எங்கே அடைப்பு, எங்கே வழி, எங்கே வீடு, எங்கே குழாய் கழிவைக் கக்குகிறது என்று வரைபடத்தில் குறிப்போம். வரும்போது பரிசுப் போட்டி வேகத்தில் வராதீர்கள். ஐஸ்காரரோடும் டீக்காரரோடும் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளோடும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். வரைபடம் தயாரானதும் டக்ளஸ் செய்ததைச் செய்வோம். நீர்வளத்துறை அதிகாரிகளையும் மேயரையும் பத்திரிகை ஆசிரியர்களையும் பெயர் போட்டு அழைப்போம். பேசின் பாலத்திலிருந்து எண்ணூர் வரை 11 மைல் எங்களோடு வரச் சொல்வோம். சைக்கிள் ஓட்ட முடியாதவர்கள் நடக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் கரை மண் காய்ந்து இறுகிவிடும், வெயிலும் ஏறியிருக்காது. அந்த மாதத்தில் உங்களுக்கு வசதியான ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துச் சொல்லுங்கள். காலை ஐந்தரைக்கு மூலக்கொத்தளத்தில் காத்திருக்கிறோம். பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் பம்பும் நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
மூலக்கொத்தளத்திலிருந்து உங்களில் ஒருவன்